எல்லாரும் எழுதலாம், சரி, யார் திருத்துவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "கண்டவனெல்லாம் எழுத வந்ததால்தான் இணையம் கெட்டுப்போச்சு" என்ற பேச்சு இப்போது எங்கே போனாலும் காதில் விழுகிறது, பத்திரிகைகளுக்கு வரும் வாசகர் கடிதங்களிலும் அந்தத் தொனி தெரிகிறது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. கண்டவர்கள் எழுத வந்ததால்தான் இணையம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்று நமக்குக் கிடைத்தது, அதிலும் தமிழுக்கு. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் எழுதியதை அடுத்தவர் திருத்த முடியாது என்கிற இடங்களுக்கு நாம் மெல்ல மெல்லக் குடிபெயர்ந்துவிட்டோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசியில் உங்கள் பத்திரிகையிடமே ஒரு கோரிக்கை இருக்கிறது, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முதலில் சிலர் எழுதினார்கள், நாம் படித்தோம், பிறகு எல்லாரும் எழுத ஆரம்பித்தோம் என்று இணையத்தின் கதையை இரண்டாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். ஆரம்பம் அப்படி இல்லை. ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் எழுதிய முதல் பிரவுசரில் படிக்கவும் முடியும், எழுதவும் முடியும். அவர் மனதில் இருந்த வலையில் வாசகரும் எழுதுகிறவரும் ஒரே ஆள்தான். 1993-இல் மொசைக் என்ற பிரவுசர் வந்து, படங்களோடு சாதாரணக் கணினிகளுக்கும் வலையைக் கொண்டுபோனபோது எழுதும் வசதி விடுபட்டுப்போனது. மொசைக்கைக் குறை சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் வலை ஆய்வகங்களோடு நின்றிருக்கும். ஆனால் அன்றிலிருந்து பக்கம் போடத் தெரிந்த சிலர் எழுத, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். 1995 மார்ச்சில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் வார்டு கன்னிங்ஹாம் என்ற நிரலாளர், தன் துறைக்காரர்கள் குறிப்புகளைச் சேர்த்து வைப்பதற்காக, படிக்கிற பக்கத்தையே யாரும் திருத்தலாம் என்றபடி ஒரு தளத்தைத் திறந்தார். தொலைந்துபோனது திரும்பி வந்தது.

அந்த வழியில் பெரிய வேலை நடக்கும் என்று யாரும் நம்பவில்லை. 2000-இல் ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் நுபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தை ஆரம்பித்தபோதும் நம்பவில்லை. துறை வல்லுநர் எழுத வேண்டும், ஏழு கட்டப் பரிசீலனையைத் தாண்ட வேண்டும், அப்புறம்தான் கட்டுரை வெளியே வரும். முதல் ஆண்டில் தேறியவை 21 கட்டுரைகள். 2001 ஜனவரி 15 அன்று, அதற்குத் துணையாக இருக்கட்டும் என்று, கன்னிங்ஹாமின் வழியில் யாரும் எழுதித் திருத்தக்கூடிய விக்கிப்பீடியாவைத் திறந்தார்கள். ஓர் ஆண்டுக்குள் ஏறத்தாழ 18,000 கட்டுரைகள். நுபீடியாவை மூடிவிட்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் "பாருங்கள், எல்லாருக்கும் கதவைத் திறந்தால் என்ன நடக்கிறது" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கதவைத் திறந்தது பாதி வேலைதான். மீதிப் பாதி, ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே "வரலாறு" என்று ஒரு சின்ன இணைப்பு இருக்கிறதே, அதில் இருக்கிறது. யார், எந்தத் தேதியில், எந்த நிமிடத்தில், எந்த வார்த்தையை மாற்றினார் என்பது அத்தனையும் அங்கே அப்படியே கிடக்கிறது. கெடுத்தவர் கெடுத்ததும் இருக்கிறது, சரிசெய்தவர் சரிசெய்ததும் இருக்கிறது. பழைய வடிவத்துக்கு ஒரே சொடுக்கில் திரும்பலாம். பக்கத்திலேயே "உரையாடல்" என்று இன்னொரு பக்கம், ஏன் மாற்றினாய் என்று கேட்க. ஆதாரம் இல்லாத வரிக்குப் பின்னால் "மேற்கோள் தேவை" என்று யாரும் ஒட்டலாம், நீங்களும் நானும்கூட. கெடுப்பதற்கு ஆகும் நேரத்தைவிடச் சரிசெய்ய ஆகும் நேரம் குறைவு என்பதால்தான் அது நிற்கிறது. மனிதர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்ற நம்பிக்கையில் கட்டிய கட்டடம் இல்லை அது.

தவறே நடக்கவில்லையா என்றால் நடந்தது, பெரிய தவறெல்லாம் நடந்தது. 2005-இல் ஜான் சீகந்தாலர் என்ற மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றிய கட்டுரையில், கென்னடி சகோதரர்கள் கொலையில் அவர் மீது சந்தேகம் இருந்தது என்று யாரோ எழுதிவைத்த பொய் நான்கு மாதத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. அவரே பத்திரிகையில் எழுதிக் கண்டித்தார். அதன் பிறகுதான் ஆங்கில விக்கிப்பீடியாவில் பதிவு செய்யாதவர்கள் புதுக் கட்டுரை தொடங்க முடியாது என்ற கட்டுப்பாடு வந்தது, உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதுவதற்குத் தனியாகக் கடுமையான விதிகளும் வந்தன. அதே ஆண்டு நேச்சர் என்ற அறிவியல் இதழ் அறிவியல் கட்டுரைகளை எடுத்து ஒப்பிட்டபோது சராசரியாக ஒரு கட்டுரைக்கு விக்கிப்பீடியாவில் நான்கு பிழை, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மூன்று பிழை என்று கணக்கு வந்தது. பிரிட்டானிக்கா அந்த முறையை மறுத்தது, அது தனிக் கதை. எனக்கு முக்கியமாகப் படுவது, விக்கிப்பீடியாவில் பிழை என்று தெரிந்ததை அன்றே திருத்தலாம், அச்சில் போனதற்கு அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும் என்பதுதான்.

சரி, நம் கதைக்கு வருகிறேன்.

தமிழில் கலைக்களஞ்சியம் என்றால் பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை கொண்டுவந்த பத்துத் தொகுதிகள்தான் நினைவுக்கு வரும். அந்தக் காலத்துக்கு அது மலையைப் பெயர்த்த வேலை, இன்றும் கையில் எடுத்தால் மரியாதையோடுதான் எடுப்பேன். ஆனால் அதற்கு ஒரு பெரிய குழு, பணம், அரசின் ஆதரவு எல்லாம் வேண்டியிருந்தது, முடித்த பிறகு உலகம் நகர்ந்துகொண்டே போனது, தொகுதிகள் அப்படியே நின்றன.

2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. அப்போது தமிழில் தட்டச்சு செய்வதே பெரும்பாடு, ஆளுக்கொரு எழுத்துரு, ஒருவர் அனுப்பியது இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்த நிலையில் அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலைஞர் மயூரநாதன் தளத்தின் இடைமுகத்தைத் தமிழாக்கி, தனி ஆளாக ஒவ்வொரு கட்டுரையாக எழுத ஆரம்பித்தார். பிறகு தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். 2017 மே மாதத்தில் ஒரு இலட்சம் கட்டுரை, இப்போது ஒன்றரை இலட்சத்தையும் தாண்டிவிட்டது. கட்டுரை எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அங்கே "ஆலமரத்தடி" என்று ஒரு பக்கம் வைத்து இத்தனை ஆண்டுகளாக இவர்கள் பேசிக்கொண்டிருக்கும் பேச்சு. கிரந்த எழுத்து எங்கே வரலாம், எங்கே வேண்டாம், இலங்கை வழக்கில் தலைப்பு வைப்பதா தமிழ்நாட்டு வழக்கில் வைப்பதா, ஓர் ஊர்ப்பெயரை ஊர்க்காரர் சொல்வதுபோல எழுதுவதா அரசுப் பதிவேட்டில் உள்ளபடி எழுதுவதா என்று மாதக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள். சண்டை போட்டுவிட்டு மறுநாள் இருவரும் ஒரே கட்டுரையைத் திருத்தியிருக்கிறார்கள், வரலாற்றுப் பக்கத்தில் பார்க்கலாம். கொழும்பும் சென்னையும் டொரொண்டோவும் ஒரு வாக்கியத்துக்காக உட்கார்ந்து பேசிய இடம் தமிழில் இதற்கு முன் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

திருத்தும் உரிமை கையில் இருந்ததால் இந்தச் சின்னக் கூட்டம் எவ்வளவு தைரியமாக நடந்துகொண்டது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2009-ஐ ஒட்டி கூகுள் நிறுவனம், தன் மொழிபெயர்ப்புக் கருவியை வளர்ப்பதற்காகச் சம்பளத்துக்கு ஆட்களை அமர்த்தி ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்ற ஆரம்பித்தது. நீளம் நீளமான கட்டுரைகள், எண்ணிக்கை மளமளவென்று ஏறும். வேறு ஆட்களாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு வாங்கி வைத்திருப்பார்கள். இவர்கள் படித்துப் பார்த்தார்கள். வாக்கியங்கள் தமிழாக இல்லை, தலைப்புகள் நம் வாசகருக்கு வேண்டியவையாக இல்லை, உரையாடல் பக்கத்தில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அள்ளிப் போட்டுவிட்டுப் போகிறவர்களை ஏற்க முடியாது, திருத்த வருகிறவர்களோடுதான் வேலை செய்வோம் என்று நிறுவனத்தோடு பேசினார்கள். 2010-இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா என்ற விக்கிப்பீடியர்களின் உலக மாநாட்டிலும் இதை எடுத்து வைத்தார்கள். அத்தனை பெரிய நிறுவனத்திடம் ஒரு மொழியின் தன்னார்வலர்கள் "தரம் இல்லாமல் வேண்டாம்" என்று சொன்னதை நம் பத்திரிகைகள் பெரிதாக எழுதியிருக்க வேண்டும்.

ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்டில், ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழியின் விக்கிப்பீடியாவில் ஒரு விஷயம் வெளியே வந்தது. அதன் கட்டுரைகளில் கணிசமான பகுதி, இருபதாயிரத்துக்கும் மேலே, அந்த மொழி தெரியாத ஓர் அமெரிக்கப் பையன் பன்னிரண்டு வயதிலிருந்து எழுதி வந்தவை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஆங்கிலச் சொற்களை அகராதி பார்த்து மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறான். பல வருடம் யாரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அந்த மொழிக்காரர்கள் அங்கே போதுமான அளவில் இல்லை. ஸ்காட்ஸ் பேசுகிறவர்களே இதுதான் நம் மொழியோ என்று குழம்பும் நிலை வந்தது. திறந்த கதவு மட்டும் இருந்து, உள்ளே வந்து பார்க்கும் கண்கள் இல்லாவிட்டால் இதுதான் கதி. தமிழுக்கு இது நடக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். எட்டு கோடிப் பேர் பேசும் மொழியில், தமிழ் விக்கிப்பீடியாவில் தொடர்ந்து வேலை செய்கிறவர்கள் ஒரு கல்யாண மண்டபத்தை நிரப்ப மாட்டார்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவுக்கு முன்பே இந்தப் பழக்கம் தமிழில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1998 பொங்கல் அன்று சுவிட்சர்லாந்தில் இருந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக இணையத்தில் வைப்பது வேலை. ஒருவர் ஒரு நாட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்வார், இன்னொருவர் வேறொரு நாட்டில் மெய்ப்புப் பார்ப்பார், யாருக்கும் ஒரு ரூபாய் கிடையாது. அந்தக் கோப்புகளைத் திறந்தால் நூலுக்கு முன்னால் தட்டச்சு செய்தவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் இருக்கும். இன்று எந்தச் செயலியில் சங்கப் பாடலைத் தேடி எடுத்தாலும், அது இந்த முகம் தெரியாதவர்கள் விரல் நோகத் தட்டியதிலிருந்து வந்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பெயர்களைத்தான் வழியில் உதிர்த்துவிட்டார்கள். 2005-இல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காக்க ஆரம்பித்த நூலகம் திட்டமும் இப்படித் தன்னார்வலர் கையில் வளர்ந்ததுதான். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அதைப் பார்த்த சமூகம் ஒரே இடத்தில் ஒரே பிரதியை வைத்துக்கொண்டு இனி இருக்காது.

நான் கை வைக்கும் இடம் விக்கிமூலம், பழைய நூல்களை எழுத்தாக்கி வைக்கும் விக்கிப்பீடியாவின் சகோதரத் தளம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் உதவியோடு நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் அங்கே ஏற்றப்பட்டிருக்கின்றன. இடது பக்கம் எழுத்து, வலது பக்கம் ஸ்கேன் செய்த மூலப் பக்கம். கணினி படித்துத் தந்த எழுத்தை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சாக இருந்தால், பழைய றா, னா, லை, ளை எழுத்துகளில் கணினி தடுமாறும், கால் வாங்கியதை ர என்று படிக்கும், அடிக்குறிப்பைக் கொண்டுபோய்ப் பத்தியின் நடுவில் செருகும். பக்கத்தின் நிறம் சிவப்பு என்றால் இன்னும் யாரும் பார்க்கவில்லை, ஒருவர் பார்த்தால் மஞ்சள், இரண்டாவது ஆள் சரிபார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது, கட்டாயம் இன்னொரு கண் வேண்டும். யாரோ முகம் தெரியாத ஒருவர் நான் விட்ட ஒற்றெழுத்தைப் பார்த்துத் திருத்திவிட்டுச் சத்தமில்லாமல் போகிறார், அதில் எனக்கு வரும் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. சிவப்புப் பக்கங்கள் இன்னும் இலட்சக்கணக்கில் கிடக்கின்றன என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போது கெட்ட பக்கத்துக்கு வருகிறேன். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்கு உறவினர்களோடு வந்த சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அந்த வாரம் முழுவதும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த தகவலை நம்பிய கூட்டம் அடித்ததில் அவர் இறந்துபோனார். அந்தத் தகவலும் சாதாரண மக்கள் பகிர்ந்ததுதான், எல்லாரும் பங்கேற்றதுதான். அப்படியானால் விக்கிப்பீடியாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பொய் என்று தெரிந்த ஒருவர் அந்தக் குழுவிலேயே இருந்திருந்தாலும் அவரால் என்ன செய்திருக்க முடியும்? தன் குழுவில் "இது பொய்" என்று எழுதலாம். அந்தச் செய்தி அதற்குள் ஆயிரம் குழுவுக்குப் போயிருக்கும், ஒவ்வொன்றிலும் தனித்தனிப் பிரதி, ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று மாறாது. யார் முதலில் எழுதினார் என்று பார்க்க வரலாற்றுப் பக்கம் கிடையாது. எது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் முன்னனுப்ப முடியாது என்று வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வேகத்தைக் குறைத்தார்கள், நல்லது. பரவிப்போன பிரதிகளைத் திருத்த வழி மட்டும் இன்னும் இல்லை.

இரண்டு வழியும் ஒரே நேரத்தில் ஒரே ஊரில் ஓடியதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை பார்த்தது. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போக முடியாமல் நூற்றாண்டு கடந்த ஓர் ஆங்கில நாளிதழே டிசம்பர் 2 அன்று வெளிவரவில்லை. அந்த நாள்களில் தன்னார்வலர்கள், யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப் மீது ஒரு வரைபடம் போட்டு, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறதோ அந்தத் தெருவை யாரும் தொட்டுக் குறிக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான தெருக்களை மக்களே குறித்தார்கள், தவறாகக் குறித்ததை அந்தத் தெருக்காரர் எடுத்துவிடலாம். எந்த வீட்டில் தங்க இடம் இருக்கிறது, எங்கே சாப்பாடு கிடைக்கும் என்று பொது அட்டவணைகள் போட்டு, அதில் உள்ள எண்ணுக்கெல்லாம் ஆள் வைத்துக் கூப்பிட்டு உறுதி செய்தார்கள். அதே நாள்களில் வாட்ஸ்அப்பில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்துத் தெருவில் நீந்துகின்றன என்று ஓடியது, முதலைப் பண்ணை மறுத்த பிறகும் ஓடியது. மீட்கப்பட்டுவிட்ட குடும்பத்துக்குப் படகு கேட்கும் செய்தி அதற்குப் பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது, அந்த எண்ணுக்கு யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். எழுதியவர்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மனிதர்கள்தான், பல வீடுகளில் ஒரே மனிதர்கள்தான். ஒன்றில் பழசை அழிக்க வழி இருந்தது, மற்றதில் இல்லை.

திருத்துவதைப் போலவே இன்னொன்றும் இருக்கிறது, எழுதியது நிலைக்குமா என்பது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என்று யாகூ நிறுவனத்தின் மின்னஞ்சல் குழுக்களில் தமிழர்கள் எழுதிக் குவித்தார்கள். மரபுச் செய்யுள் பயிற்சி, புத்தக விவாதம், ஊர் நினைவு, வெளிநாட்டில் ரசப்பொடிக்கு என்ன செய்வது என்பது வரைக்கும். 2019 டிசம்பரில் அந்த நிறுவனம் குழுக்களில் சேர்ந்திருந்த பதிவுகளை நீக்கியது, அடுத்த ஆண்டு சேவையையே மூடிவிட்டது. சிலர் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தது பிழைத்தது, மற்றது நீர்மேல் எழுத்தாகப் போனது. இலவச வலைப்பக்கத் தளமான ஜியோசிட்டிஸ் 2009-இல், சமூக வலைத்தளமான ஆர்க்குட் 2014-இல் இப்படித்தான் போயின. இன்று முகநூலில் மீனவர் ஒருவர் காற்றின் பெயர்களை வரிசையாக எழுதுகிறார், சித்த மருத்துவக் குடும்பத்தவர் ஒருவர் மூலிகைக்குப் படம் போட்டு விளக்குகிறார், ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர் தன் பகுதி ஏரிகளின் கலங்கல், மதகு பற்றியெல்லாம் எழுதுகிறார். அருமையான விஷயங்கள். மூன்றாம் நாள் அதைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. எத்தனை பேர் விரும்பினார்கள் என்ற எண் மட்டும் பெரிதாக நிற்கும். அதில் ஒரு தவறு இருந்தால் கீழே கருத்தாகச் சொல்லலாம், பதிவு அப்படியேதான் இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இது இன்னும் அவசரமாகிவிட்டது. இந்தக் கருவிகள் படித்து வளர்ந்த எழுத்தில் விக்கிப்பீடியாவுக்கு முக்கியமான இடம் உண்டு, தமிழ் போன்ற மொழிகளுக்கு இணையத்தில் ஒழுங்கான எழுத்தே குறைவு என்பதால் இன்னும் அதிகம். கேள்வி கேட்டதும் பதில் அங்கேயே வந்துவிடுவதால் மூலப் பக்கத்துக்கு வருகிறவர்கள் குறைகிறார்கள். மனிதர்கள் வந்து பார்ப்பது முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 8 சதவீதம் குறைந்திருக்கிறது என்று விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையே 2025 அக்டோபரில் சொன்னது. பக்கத்துக்கு வராதவர் அதைத் திருத்துவதற்கான "தொகு" பொத்தானைப் பார்க்கப் போவதில்லை. பார்க்காதவர் எப்படித் திருத்துவார்? கருவி தவறாகச் சொன்னால் அதைக் கருவியிடம் சொல்லலாம், அந்த உரையாடலோடு முடிந்தது, அடுத்த ஆளுக்கு அதே தவறு போகும். ஊரார் சேர்ந்து திருத்தி வைத்த நூலிலிருந்து படித்துவிட்டு, ஊரார் திருத்த முடியாத இடத்தில் பதில் சொல்கிறது என்பதுதான் என் கவலை. இயந்திரத்தின் மேல் எனக்கு வேறு கோபம் எதுவும் இல்லை.

இனி உங்கள் பத்திரிகைக்கு என் கோரிக்கை.

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு தெருக்கூத்து வாத்தியாரைப் பற்றியோ, ஒரு தாலுகாவில் பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்தவரைப் பற்றியோ கட்டுரை தொடங்கினால், நம்பகமான ஆதாரம் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். அந்த ஆதாரம் பெரும்பாலும் உங்களைப் போன்ற பத்திரிகைகளின் மாவட்டப் பதிப்பில் ஒரு பத்தியாக வந்திருக்கும். அது இணையத்தில் இருக்காது. இருந்தாலும் தளத்தைப் புதுப்பிக்கும்போது இணைப்பு செத்துப்போயிருக்கும். ஆதாரம் இல்லாமல் கட்டுரை நீக்கப்படும், அந்த மனிதர் இணையத்தைப் பொறுத்தவரை வாழவே இல்லை என்றாகிவிடும். ஆங்கிலத்தில் எழுதப்பட்டவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். ஆகவே மாவட்டச் செய்திகளுக்கு நிலையான இணைப்பு கொடுங்கள், தேதியும் பதிப்பும் அதில் இருக்கட்டும், தளத்தை மாற்றினாலும் பழைய இணைப்பு வேலை செய்யட்டும். பழைய படங்களில் உங்களுக்கு உரிமை உள்ளவற்றை, எல்லாம் வேண்டாம், ஏரி, சந்தை, திருவிழா, கூத்துக் கலைஞர்கள் படங்களையாவது, பெயர் சொல்லி யாரும் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்துக்குத் தாருங்கள். படத்தின் கீழ் உங்கள் பத்திரிகையின் பெயர் என்றைக்கும் இருக்கும்.

இன்னொன்று, இதைச் சொல்லத் தயங்கினேன், சொல்லிவிடுகிறேன். அச்சுப் பதிப்பில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடுவது தமிழ்ப் பத்திரிகைகளின் பழைய நல்ல வழக்கம். இணையப் பதிப்புகளில் அது போய்விட்டது. காலையில் ஒரு தலைப்பு, மதியம் வேறு தலைப்பு, நடுவில் என்ன மாறியது என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. காலையில் படித்தவர் அதைப் பகிர்ந்துவிட்டிருப்பார், அந்தப் பிழை உங்கள் பெயரோடு சுற்றும், திருத்தியது யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு செய்தியின் கீழும் "இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இன்ன வரி மாற்றப்பட்டது" என்று ஒரே ஒரு குறிப்பு போடுங்கள். வாசகர் பிழை சுட்டிக்காட்ட ஒரு பொத்தான் வையுங்கள், சுட்டியவர் விரும்பினால் அவர் பெயரையும் போடுங்கள். கருத்துப் பெட்டியை மூடினாலும் பரவாயில்லை, பிழை சொல்லும் பெட்டியைத் திறந்து வையுங்கள்.

எல்லா மாவட்டத்துக்கும் ஒரே நாளில் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். தஞ்சாவூர், திருவாரூர் பதிப்புகளில் ஓர் ஆண்டு இதழ்களை எடுத்து முதலில் செய்து பாருங்கள். ஸ்கேன் செய்து தந்தால் எழுத்தாக்கி மெய்ப்புப் பார்க்க விக்கிமூலத்தில் என்னோடு வேலை செய்கிறவர்களைக் கேட்டு நான் ஆள் சேர்க்கிறேன், இரண்டாவது கண் பார்க்காமல் எந்தப் பக்கத்தையும் திருப்பித் தர மாட்டோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மன்னார்குடி